அப்பாவின் இதயத்தில் நோய் எதிர்ப்பு அணுக்கள்: ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டுமா?

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். அவருடைய அப்பாவுக்கு வயது 61. மண்டியில் கணக்கு பார்ப்பவர், நீண்ட காலமாகச் சர்க்கரை உண்டு. ஆறு வாரங்களுக்கு முன் ஒரு ராத்திரி நெஞ்சு இறுக்கியிருக்கிறது. வாயுத் தொல்லை என்று சோடா குடித்துவிட்டுப் படுத்தவரை விடிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். இடது பக்கப் பெரிய ரத்தக்குழாயில் முழு அடைப்பு. ஸ்டென்ட் வைத்தாயிற்று. எக்கோவில் (இதயத்துக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்ட்) பம்பிங், அதாவது இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் அளவு, 38 சதவீதம்.

ஜெர்மனியில் வேலை பார்க்கும் தம்பி இதற்கிடையில் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார். மாரடைப்புக்குப் பிறகு இதயத்துக்குள் நுழையும் நோய் எதிர்ப்பு அணுக்களை பெட் ஸ்கேனில் (கதிர்வீசும் பொருளை ஊசியில் ஏற்றி எடுக்கும் படம்) படம் பிடிக்க முடியுமாம். அந்தப் படத்தை வைத்து யாருடைய இதயம் பின்னால் பலவீனமாகும் என்று கணிக்கிறார்களாம். இவர் பக்கத்து நகரத்து ஸ்கேன் மையம் ஒன்றில் விசாரித்தார். “ஹார்ட் பெட் எங்களிடமே இருக்கிறது, வந்தால் எடுத்துத் தருகிறோம்” என்றார்களாம். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் எடுத்த சிஆர்பி ரத்தப் பரிசோதனை (உடம்பில் அழற்சி, அதாவது உள்வீக்கம், இருந்தால் ஏறும் அளவு) 46 என்று வந்ததிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. “உள்ளே வீக்கம் இருக்கிறது, அதை அடக்க வேண்டும்” என்கிறார் சித்தப்பா. அப்பாவின் முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் வாங்கிய டைக்ளோஃபெனாக்கே அதற்கும் ஆகும் என்பது அவர் கணக்கு. பக்கத்து வீட்டுக்காரர் எதிர்ப்பு சக்தியைக் கூட்ட ஒரு கஷாயப் பொடி கொடுத்திருக்கிறார். “ஒருவர் கூட்டச் சொல்கிறார், ஒருவர் குறைக்கச் சொல்கிறார். ஸ்கேன் எடுத்தால் எது சரி என்று தெரிந்துவிடாதா?” என்பது இவருடைய கேள்வி. கடன் வாங்கியாவது எடுக்கத் தயார் என்றும் எழுதியிருக்கிறார்.

அன்புச் சகோதரி, ஸ்கேன் விஷயம் காத்திருக்கும். காத்திருக்க முடியாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டைக்ளோஃபெனாக்கை இன்றே நிறுத்துங்கள்

அது வலிக்கும் வீக்கத்துக்கும் ஆன மாத்திரைதான். ஆனால் மாரடைப்பு வந்தவருக்கு ஆகாது. மாரடைப்பு வந்து பிழைத்த 80,000க்கும் மேற்பட்டவர்களை டென்மார்க்கில் பின்தொடர்ந்து பார்த்து 2011இல் ஓர் ஆய்வு வெளியானது. இந்த வகை வலி மாத்திரைகளைக் குறுகிய காலம் சாப்பிட்டவர்களிடம்கூட மறுபடி மாரடைப்பும் மரணமும் கூடியிருந்தன. அதில் மோசமாக நின்றவற்றில் டைக்ளோஃபெனாக்கும் ஒன்று. உங்கள் அப்பா ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் டிகாக்ரிலாரும் சேர்த்துச் சாப்பிடுகிறார். அதன் மேல் இதுவும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வரும் வாய்ப்பு ஏறும், சிறுநீரகத்துக்கும் சுமை. பம்பிங் குறைந்தவர்களுக்கு உடம்பில் நீர் கோக்கவும் செய்யும். இப்யூபுரூஃபனுக்கு மாற்றலாமா என்று கேட்காதீர்கள். அது ஆஸ்பிரினின் வேலையையே கெடுக்கக்கூடியது. முழங்கால் வலிக்கு இப்போதைக்கு டாக்டர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் போதும், மேலே தடவும் மருந்துக்கும் அவரிடமே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். டைக்ளோஃபெனாக்கை நிறுத்துகிற வேகத்தில் ஆஸ்பிரினையோ டிகாக்ரிலாரையோ நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட் அடைக்காமல் இருப்பது அந்த இரண்டாலும்தான்.

கஷாயப் பொடி பற்றியும் இதே இடத்தில் சொல்லிவிடுகிறேன். அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று உறையில் எழுதவில்லை என்கிறீர்கள். பல கஷாயப் பொடிகளில் அதிமதுரம் இருக்கும். அது தொடர்ந்து உள்ளே போனால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். பலவீனமான இதயத்தில் பொட்டாசியம் குறைந்தால் துடிப்பு தாறுமாறாகலாம். குழம்பில் போடும் மஞ்சளையும் ரசத்தில் போடும் மிளகையும் நான் குறை சொல்லவில்லை, அவை தாராளமாக இருக்கட்டும். உறை சொல்லாத பொடி வேண்டாம்.

அந்த அணுக்கள் அங்கே என்ன செய்கின்றன?

உங்கள் வீட்டில் நடக்கும் வாதத்தின் அடியில் ஓர் எண்ணம் இருக்கிறது: இதயத்துக்குள் நோய் எதிர்ப்பு அணுக்கள் புகுந்திருப்பதே ஒரு நோய் என்று. அதைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். பெரிய மாரடைப்பு ஒன்றில் நூறு கோடி இதயத் தசை அணுக்கள் வரை செத்துப்போகலாம். அவை திரும்ப முளைப்பதில்லை என்றே சொல்ல வேண்டும். செத்ததை அப்புறப்படுத்தவும், அந்த இடத்தில் உறுதியான தழும்பு கட்டவும் உடம்பிடம் இருப்பது இந்த வெள்ளையணுக்கள்தான்.

சில மணி நேரத்துக்குள் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளையணுக்கள் வந்து சேரும். அடுத்து மோனோசைட்டுகள் என்ற வேறு வகை ரத்தத்திலிருந்து இறங்கி, மேக்ரோபேஜ்களாக மாறி, செத்த தசையை விழுங்கத் தொடங்கும். பாஸ்டனில் மத்தியாஸ் நாரெண்டார்ஃப் குழுவினர் எலிகளிடம் பார்த்து 2007இல் எழுதினார்கள்: இந்த மோனோசைட்டுகள் இரண்டு அலைகளாக வருகின்றன. முதல் நான்கு நாள் வரை வருபவை ஆவேசமானவை, கழிவை அரித்து அகற்றுபவை. அப்புறம் வருபவை அமைதியானவை. புது ரத்தக்குழாய்கள் முளைக்கவும் தழும்பு இழைகள் படியவும் இவை உதவுகின்றன. இரண்டு ஆண்டு கழித்து இதே வட்டாரத்து ஆய்வாளர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள். இந்த மோனோசைட்டுகளில் பெரும் பங்கு மண்ணீரலில் தயாராகக் காத்திருந்து, மாரடைப்பு வந்ததும் அங்கிருந்து கிளம்புகிறது. இதயத்தில் ஒரு குழாய் அடைத்தால் மண்ணீரலும் எலும்பு மஜ்ஜையும் சேர்ந்து விழித்துக்கொள்கின்றன என்பது எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்புதான்.

முதல் அலை வராமலே போனால் கழிவு தேங்கும், தழும்பு பலவீனமாகும். மாரடைப்புக்குப் பின் முதல் ஒரு வாரத்தில் சிலருக்கு இதயச் சுவரே கிழிந்துவிடும் ஆபத்து இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அந்த வாரத்தைக் கடத்திவிடுவது இந்தப் பழுதுபார்ப்புதான். 1970களில் வீக்கத்தை அடக்குவோம் என்று மாரடைப்பு நோயாளிகளுக்கு ஸ்டீராய்டைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்தார்கள். சேதம் கூடியதாக 1976இல் ஓர் ஆய்வு வந்தது, அந்த வழி கைவிடப்பட்டது. மறுபக்கமும் உண்டு. முதல் அலை அடங்க வேண்டிய நேரத்தில் அடங்காமல் நீண்டால், நல்ல தசையும் அரிக்கப்பட்டு இதய அறை விரிந்துகொண்டே போகும். ஆகவே கூட்ட வேண்டுமா குறைக்க வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. எந்த நாளில், எந்த அணுவை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சிஆர்பி 46 பற்றிய பயத்துக்கும் பதில் இதிலேயே வந்துவிட்டது. தசை செத்துப் பழுதுபார்ப்பு நடக்கும்போது அந்த அளவு ஏறத்தான் செய்யும். இரண்டாம் மூன்றாம் நாளில்தான் அது உச்சத்தில் இருக்கும். அந்த ஒரு தாளை வைத்து இன்றைக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல முடியாது.

தம்பி சொன்ன ஸ்கேன் எது? மையம் சொல்வது எது?

உங்கள் தம்பி அனுப்பியது பொய்ச் செய்தி இல்லை. ஜெர்மனியின் ஹனோவர் மருத்துவக் கல்லூரியில் ஃபிராங்க் பெங்கல் தலைமையிலான குழு இதில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறது. நோய் எதிர்ப்பு அணுக்களின் மேற்பரப்பில் சிஎக்ஸ்சிஆர்4 என்று ஓர் ஏற்பி உண்டு. அதில் போய் ஒட்டிக்கொள்ளும் பென்டிக்ஸாஃபோர் என்ற பொருளோடு, கதிர்வீசும் கேலியம்-68 துளியைச் சேர்த்து ஊசி போடுவார்கள். அந்தக் கேலியம் 68 நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும், அதனால் தயாரித்த கையோடு போட வேண்டும். மாரடைப்பு வந்த சில நாட்களில் இப்படிப் படம் எடுத்தால் அடிபட்ட பகுதி பளிச்சென்று தெரிகிறது. அந்த வெளிச்சம் அதிகமாக இருந்தவர்களுக்குப் பின்னால் இதயத்தின் பலம் குறைவாக இருந்தது என்றும் அவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அவர்களுடைய ஆய்வில் உங்கள் கேள்விக்கு நேராகப் பேசும் பகுதி ஒன்று உண்டு. எலிகளுக்கு அந்த வெளிச்சம் உச்சத்தில் இருந்த மூன்றாம் நாளில் சிஎக்ஸ்சிஆர்4ஐ அடைக்கும் மருந்தைக் கொடுத்தபோது இதயச் சுவர் கிழிவது குறைந்தது, பலமும் மேம்பட்டது. அதே மருந்தை ஏழாம் நாள் கொடுத்தபோது அந்தப் பலன் இல்லை. நான்கு நாள் தள்ளிப்போனதற்கே இந்த வித்தியாசம். உங்கள் அப்பாவோ ஆறு வாரத்தைத் தாண்டிவிட்டார். நீங்கள் பார்க்க ஆசைப்படும் அந்த முதல் அலை வந்து, தன் வேலையை முடித்துப் போய்விட்டது. இந்நேரம் அங்கே பெரும்பாலும் தழும்புதான் இறுகிக்கொண்டிருக்கும்.

ஸ்கேன் மையம் சொல்வது இந்த ஸ்கேனாக இருக்க வாய்ப்பு குறைவு. நம் ஊர் பெட் மையங்களில் அன்றாடம் பயன்படுவது எஃப்டிஜி என்ற கதிர்வீசும் சர்க்கரை. புற்றுநோய்க்கு எடுப்பதும் அதை வைத்துத்தான். இதயத்துக்கு அதை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம், இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். ரத்தம் குறைந்த தசை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு வகை. அதற்கு நோயாளிக்குச் சர்க்கரைக் கரைசல் கொடுப்பார்கள், தேவையானால் இன்சுலினும் கொடுத்து இதயத் தசையைச் சர்க்கரை எடுக்க வைப்பார்கள். எங்கே எடுக்கிறதோ அங்கே உயிர் இருக்கிறது. ‘ஹார்ட் பெட்’ என்று கவுன்டரில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

அழற்சி அணுக்களைப் பார்ப்பது மற்ற வகை. மேக்ரோபேஜ்களும் சர்க்கரையை ஆவலாக இழுக்கும். ஆனால் நல்ல இதயத் தசையும் இழுத்துவிட்டால் எது தசை, எது மேக்ரோபேஜ் என்று பிரிக்க முடியாது. அதனால் தசையைச் சர்க்கரையை விட்டுக் கொழுப்புக்கு மாற வைக்க வேண்டும். ஸ்கேனுக்கு முந்தைய நாள் இரண்டு வேளையும் மாவுச்சத்தே இல்லாத கொழுப்பு உணவு. இட்லி இல்லை, சோறு இல்லை, பால் இல்லை, பழம் இல்லை. முட்டை, கறி, மீன், நெய் என்று சாப்பிட்டுவிட்டு ராத்திரி முழுக்கப் பட்டினி இருக்க வேண்டும். காலையில் பழக்க தோஷத்தில் அரை டம்ளர் சர்க்கரை போட்ட டீ குடித்தாலும் போயிற்று: இடது இதய அறை முழுக்க ஒரே மஞ்சள் வளையமாக ஒளிரும், படம் எதற்கும் பயன்படாது. சர்க்கரை மாத்திரை சாப்பிடும் உங்கள் அப்பாவுக்கு இந்தப் பத்தியமும் பட்டினியும் எளிதில்லை. கிளிமிபிரைடு போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும், அதை யாராவது முன்கூட்டியே திட்டமிட்டுச் சரிசெய்ய வேண்டும்.

இந்த இரண்டாவது வகை எஃப்டிஜி ஸ்கேனை இதய மருத்துவர்களான நாங்களும் எழுதிக் கொடுக்கிறோம். சார்காய்டோசிஸ் என்ற நோய் இதயத்தைப் பிடித்திருக்கிறதா என்று பார்க்கவும், மாற்றி வைத்த வால்வில் கிருமி தொற்றியிருக்கிறதா என்று பார்க்கவும் அது நல்ல துணை. அங்கெல்லாம் படம் மாறினால் சிகிச்சை மாறும். மாரடைப்புக்குப் பிறகு நோய் எதிர்ப்பு அணுக்களைப் பார்ப்பதற்கு அப்படி ஒரு நிலை இன்னும் வரவில்லை.

ஏன் என்றால், கல்யாண மண்டபத்துக் கூட்டத்தை மொட்டை மாடியிலிருந்து எடுத்த போட்டோ மாதிரி இது. எங்கே கூட்டம் அதிகம் என்று தெரியும். பந்தி பரிமாறுகிறவர் யார், சண்டை போடுகிறவர் யார் என்று தெரியாது. எஃப்டிஜிக்கு ஆவேசமான மேக்ரோபேஜும் ஆற்றுகிற மேக்ரோபேஜும் பெரும்பாலும் ஒரே வெளிச்சம்தான். இதைத் தாண்டத்தான் பல இடங்களில் வேறு வேறு வழிகளைச் சோதிக்கிறார்கள். மேக்ரோபேஜ்கள் விழுங்கும் இரும்பு நுண்துகள்களை வைத்து எடின்பரோவில் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒருவகைக் கட்டிகளுக்கு நம் ஊரிலும் பயன்படும் டோட்டாடேட் என்ற பொருளை வைத்து கேம்பிரிட்ஜில் ரத்தக்குழாய் அழற்சியைப் பார்த்தார்கள். தழும்பு கட்டும் ஃபைப்ரோபிளாஸ்ட் அணுக்களைக் காட்டும் ஃபாப்பி ஸ்கேனையும் ஹனோவர்காரர்கள் மாரடைப்பு நோயாளிகளிடம் எடுத்திருக்கிறார்கள், அடிபட்ட தசையின் எல்லையைத் தாண்டியும் அது ஒளிர்கிறது. இந்தத் துறை வளர வேண்டும் என்று மனதார விரும்புகிறவன் நான். ஒருநாள் மூன்றாம் நாள் படத்தைப் பார்த்து மருந்தின் நேரத்தை முடிவு செய்யும் காலம் வரும் என்று நம்புகிறேன். ஆனால் இன்று உங்கள் அப்பா படம் எடுத்து வந்து என் மேஜையில் வைத்தால், அதைப் பார்த்து ஒரு மாத்திரையைக்கூட நான் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன். அதற்காகக் கடன் வாங்காதீர்கள்.

கதிர்வீச்சையும் கணக்கில் எடுக்க வேண்டும். எஃப்டிஜி ஊசி ஒன்றினால் ஏறக்குறைய 7 மில்லிசீவர்ட் உடம்பில் சேரும், கூடவே எடுக்கும் சிடி ஸ்கேனுக்குத் தனி. இயற்கையாக ஓர் ஆண்டில் நம் மேல் விழுவது உலகச் சராசரியில் 2.4. பயந்து ஓட வேண்டிய அளவு இல்லை. பலன் இல்லாமல் ஏற்றுக்கொள்ளவும் அவசியம் இல்லை.

வீக்கத்தை அடக்கும் மருந்தே கிடையாதா?

உண்டு, ஆராய்ச்சி தீவிரமாகவே நடக்கிறது. மாரடைப்பு வந்து சிஆர்பி தொடர்ந்து உயர்ந்திருந்த 10,061 பேரிடம் கனாகினுமாப் என்ற ஊசியைச் சோதித்து 2017இல் முடிவு வெளியிட்டார்கள். மறுபடி மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவை சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. ஆனால் உயிரைப் பறிக்கும் கிருமித் தொற்று சற்றே கூடியது, மொத்த மரணம் குறையவில்லை. எதிர்ப்பு அணுக்களின் கையைக் கட்டினால் என்ன விலை என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டாம். மெத்தோட்ரெக்ஸேட் என்ற இன்னோர் அழற்சி மருந்தின் சோதனை முடிவு 2018இல் வந்தது, பலன் இல்லை.

கௌட் என்ற மூட்டு வலிக்குக் கொடுக்கும் கொல்கிசின் என்ற பழைய மாத்திரைதான் இப்போது அதிகம் பேசப்படுகிறது. மாரடைப்பு வந்து 30 நாளுக்குள் தொடங்கியவர்களிடம் நல்ல பலன் என்று 2019இல் ஓர் ஆய்வு சொன்னது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த இன்னொரு பெரிய ஆய்வு, 2024இல், பலன் இல்லை என்றது. இரண்டும் ஒழுங்காக நடந்த ஆய்வுகள். அதனால் இதை எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன், யாருக்குமே வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். சிறுநீரகம் எப்படி இருக்கிறது, வேறு என்ன மாத்திரைகள் ஓடுகின்றன என்று பார்த்து உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும். மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிவிடாதீர்கள். கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகளோடு சேர்ந்தால் அது விஷமாகும்.

நீங்கள் நினைக்காத இடத்திலும் ஓர் உதவி இருக்கிறது. ‘தடுப்பூசி போட்டால் உள்ளே இருக்கும் வீக்கம் கூடிவிடும்’ என்று பயந்து ஃப்ளூ ஊசியை மறுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நடப்பது நேர் மாறாக. மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்றவர்களுக்கு ஆஸ்பத்திரியிலேயே ஃப்ளூ ஊசி போட்டுப் பார்த்த ஆய்வு 2021இல் வந்தது. ஓராண்டில் இறந்தவர்கள் ஊசி போட்டவர்களில் 2.9 சதவீதம், போடாதவர்களில் 4.9 சதவீதம். அடுத்த ரிவ்யூவில் இதைக் கேட்டு வாங்குங்கள்.

உண்மையாகவே அடக்க வேண்டிய அழற்சியும் ஒன்று உண்டு. மாரடைப்பு வந்து சில வாரங்கள் கழித்துச் சிலருக்கு இதயத்தைச் சுற்றிய உறை வீங்கும். மல்லாந்து படுத்தால் அல்லது மூச்சை இழுத்தால் குத்தும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் குறையும், காய்ச்சலும் வரலாம். அதைக் கண்டுபிடிக்க பெட் தேவையில்லை, பரிசோதனையும் ஈசிஜியும் எக்கோவும் போதும். வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே காட்டுங்கள். நெஞ்சு இறுக்கமோ மூச்சுத் திணறலோ எந்த நேரத்தில் வந்தாலும் வாயுவா இல்லையா என்று வீட்டில் விவாதிக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

பணத்தை எதில் செலவிடலாம்?

எக்கோவில். 38 என்பது மாரடைப்பு வந்த அந்தச் சில நாட்களில் எடுத்த கணக்கு. அப்போது செத்த தசையோடு, அதிர்ச்சியில் மலைத்துப்போய் நின்ற தசையும் இருந்திருக்கும். மலைத்த தசை வாரக்கணக்கில் திரும்ப வேலைக்கு வரும். இதயம் 38 சதவீதம்தான் வேலை செய்கிறது என்று நீங்கள் புரிந்துகொண்டிருப்பதும் சரியில்லை. நல்ல இதயம்கூட ஒரு துடிப்பில் உள்ளே இருக்கும் ரத்தத்தில் ஏறக்குறைய 55 முதல் 70 சதவீதம்தான் வெளியே தள்ளும். நூறு என்பது யாருக்கும் கிடையாது. மாரடைப்பு வந்து மூன்று மாதம் நிறையும்போது மறுபடி எக்கோ எடுங்கள். மாத்திரைகள் முழு அளவில் ஓடிய பிறகும் 35 அல்லது அதற்குக் கீழே நின்றால், திடீர் மரணத்தைத் தடுக்கும் ஐசிடி கருவி வைப்பது பற்றிப் பேச வேண்டியிருக்கும். அந்த முடிவு இந்த எண்ணைப் பார்த்துத்தான் எடுக்கப்படுகிறது.

எக்கோ தெளிவில்லாமல் இருந்தால், தழும்பு எவ்வளவு என்று தெரிய வேண்டியிருந்தால், அடுத்தது இதய எம்ஆர்ஐ. ஸ்டென்ட் இருப்பதால் எம்ஆர்ஐ கூடாது என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இப்போது வைக்கப்படும் ஸ்டென்ட்களோடு எம்ஆர்ஐ எடுக்கலாம், காத்திருக்கக்கூட வேண்டாம். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று மட்டும் முன்னால் பார்ப்பார்கள், உள்ளே செலுத்தும் கேடோலினியம் மருந்துக்காக.

நீங்கள் எழுதிய மாத்திரைப் பட்டியலை இரண்டு முறை படித்தேன். ஆஸ்பிரின், டிகாக்ரிலார், அடார்வாஸ்டாடின், ராமிப்ரில், மெட்டோப்ரோலால், சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும். பம்பிங் 40க்குக் கீழே, அதோடு சர்க்கரையும் இருப்பவருக்கு இன்னும் இரண்டு வகைகளை நாங்கள் யோசிப்போம். எப்லெரினோன் அல்லது ஸ்பைரோனோலாக்டோன் ஒன்று, டாபாக்ளிஃப்ளோசின் அல்லது எம்பாக்ளிஃப்ளோசின் மற்றொன்று. ஏதாவது காரணத்துக்காகத்தான் உங்கள் டாக்டர் தள்ளி வைத்திருக்கலாம்: பொட்டாசியம் அதிகம், பிரஷர் குறைவு என்று. ‘இவை அப்பாவுக்குப் பொருந்துமா டாக்டர்?’ என்று கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. இதய அறை விரிந்துகொண்டே போவதை இன்று கையில் பிடித்து நிறுத்தும் மருந்துகள் இவைதான். கெட்ட கொழுப்பு எல்டிஎல் 55க்குக் கீழே வந்ததா என்றும் பாருங்கள். அடார்வாஸ்டாடின் கொழுப்பைக் குறைப்பதோடு சிஆர்பியையும் இறக்கும். சித்தப்பா தேடும் வீக்க மாத்திரை ஒரு விதத்தில் அப்பாவின் டப்பாவிலேயே இருக்கிறது.

தம்பி ஆய்வில் சேர்க்க நினைத்தால்

ஹனோவர் போன்ற இடங்களில் நடக்கும் ஆய்வுகள் மாரடைப்பு வந்த முதல் நாட்களிலேயே நோயாளியைச் சேர்ப்பவை. அப்பாவை இப்போது விமானத்தில் ஏற்றி அங்கே கொண்டுபோவதில் பொருளில்லை. நம் நாட்டிலேயே யாராவது ஆய்வு என்று அழைத்தால் சில விஷயங்களைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அந்த ஆய்வு இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா? நெறிமுறைக் குழு ஒப்புதல் உண்டா? ஒப்புதல் படிவம் அப்பாவுக்குப் புரியும் தமிழில் இருக்கிறதா? ஆய்வுக்காகவே எடுக்கும் ஸ்கேனுக்கு உங்களிடம் பணம் கேட்கக் கூடாது என்கின்றன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) நெறிமுறைகள். ‘ஆராய்ச்சி ஸ்கேன், பாதிப் பணம் கட்டினால் போதும்’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஆய்விலிருந்து எந்த நேரமும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்காது.

ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோ படம் பதிந்த சிடி (குறுந்தகடு) கொடுக்கவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். நோயாளியின் சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் விதிகள் 2002இலேயே சொல்கின்றன. சிடியையும் சேர்த்துக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள், நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு டாக்டரிடம் இரண்டாவது கருத்து கேட்க, அந்தச் சிடியும் டிஸ்சார்ஜ் சம்மரியும் பெட் படத்தைவிட எவ்வளவோ மேல்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரி அப்பாவைப் பற்றியது. ‘இப்போதெல்லாம் யாரிடமும் பேசுவதில்லை, பேப்பர்கூடப் படிப்பதில்லை, சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிடுகிறார்.’ மற்ற எல்லாம் ஸ்கேனும் சிஆர்பியும். மாரடைப்பு வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு நோயாகவே பிடிக்கிறது. அப்படிப் பிடித்தவர்கள் மாத்திரையை விடுகிறார்கள், நடையை விடுகிறார்கள், இதயமும் பின்தங்குகிறது. ரிவ்யூ அன்று நீங்கள் வெளியே இருந்துகொண்டு, டாக்டரிடம் அவரைப் பத்து நிமிடம் தனியாகப் பேச விடுங்கள். தூக்கம், பயம், தாம்பத்தியம், வேலைக்குத் திரும்புவது என்று மகள் முன்னால் கேட்க முடியாத கேள்விகள் அவரிடம் இருக்கும். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடமும் காட்டுங்கள். இதய நோயாளிகளிடமே சோதித்துப் பாதுகாப்பானது என்று கண்ட செர்ட்ராலின் போன்ற மருந்துகள் உண்டு. அவர் சாப்பிடும் ஆஸ்பிரின், டிகாக்ரிலார் இரண்டையும் சொல்லி, ரத்தக் கசிவைக் கவனித்துக்கொண்டே அதைத் தொடங்குவார்கள்.